வெள்ளம் வடிந்த கிணற்றுக்கு மருந்து போடுவது: களத்துக்குப் போகும் பொறியியல் மாணவர்களுக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணியின் வெள்ளமும் உடைந்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களை மூழ்கடித்தன. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் சேதமாகிக் குழாயில் தண்ணீர் நின்றுபோன ஊர்களில் மக்களுக்குக் கைகொடுக்க இருந்தவை வீட்டுக் கிணறுகளும் தெருக் கிணறுகளும்தான். அவற்றுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்தது. நாட்டு நலப்பணித் திட்டம் வழியாகக் கிணற்று வேலைக்குப் போன மாணவர்கள் நாங்கள். அடுத்த முறை போகிறவர்களுக்குப் பயன்படும்படி வேலையின் முறையை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எப்போது போவது என்பது. தெருவில் தண்ணீர் நிற்கும்போது கிணற்றைத் தொட்டுப் பயனில்லை. இறைக்க இறைக்க அதே அழுக்குத் தண்ணீர்தான் ஊறி உள்ளே வரும். அந்த நாட்களில் லாரித் தண்ணீர் விநியோகம், குளோரின் மாத்திரை, காய்ச்சிய நீர் ஆகியவைதான் வழி. சுற்றிலும் தரை தெரியத் தொடங்கி, கிணற்றின் நீர்மட்டம் தரையை விட்டு நன்றாக இறங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இடைப்பட்ட நாட்களை அனுமதிக்கும் கணக்கெடுப்புக்கும் ஒதுக்குங்கள். வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சிச் செயலர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர் ஆகிய மூவருக்கும் தெரியாமல் ஒரு கிணற்றிலும் மருந்து போடக் கூடாது. சுகாதாரத் துறையினர் காலையில் மருந்து போட்ட கிணற்றில் மாணவர்கள் மாலையில் மறுபடி போட்டால், தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சாப்பாடும் தங்குமிடமும் குழுவின் பொறுப்பு. வெள்ளத்தில் அரிசியை இழந்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக டாக்சிசைக்ளின் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் ஆளுக்கொன்று. வெள்ளத்துக்குப் பிறகு கைப்பிடிச் சுவரின் இடுக்கிலும் கிணற்றின் உள்சுவராக அடுக்கிய உறை வளையங்களின் ஓரத்திலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தாள். விட்டம், கிணற்றின் ஆழம், நீரின் ஆழம், கைப்பிடிச் சுவரின் உயரம், பக்கத்துக் கழிப்பறைத் தொட்டி எவ்வளவு தூரம், எத்தனை வீடுகள் எடுக்கின்றன, நீர்மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, பூச்சிமருந்து வாடை வருகிறதா என்று எழுதுங்கள். கடைசி இரண்டும் முக்கியம். டீசலோ பூச்சிமருந்தோ கலந்த கிணற்றில் குளோரின் எதையும் சரிசெய்யாது. அங்கே குடிக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டு, சுகாதார ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு நகர வேண்டும். மற்றவற்றில், அதிக வீடுகள் எடுக்கும், வேறு வழியில்லாத தெருக் கிணறுகள் முதலில். முதலில் கூப்பிடுகிற வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டால், கூப்பிடத் தெரியாத தெரு கடைசிவரை காத்திருக்கும்.

மாணவர் யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கே வேண்டாம். அழுகிய குப்பையிலிருந்து வரும் வாயுக்கள் கிணற்றின் அடியில் தங்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜன் குறைவை ஓரளவு காட்டலாம், நச்சு வாயுவைக் காட்டாது. பெட்ரோல், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்து ஆளைக் கொல்லும். உள்ளே இறங்கித்தான் தூர் வார வேண்டும் என்றால், அது கயிறும் இடுப்புப் பட்டையும் மேலே காவலுமாக வேலை தெரிந்த ஆட்கள் செய்ய வேண்டியது. மிதக்கும் குப்பையை மேலிருந்தே வலைக்கூடையால் அள்ளலாம். உறையை நீண்ட மூங்கிலில் கட்டிய பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

இறைப்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. இன்ஜின் பம்பு தரையில் இருந்து உறிஞ்சும் உயரம் நடைமுறையில் ஏழு மீட்டர்தான். அதற்குக் கீழே நீர் இருந்தால் நீர்மூழ்கி மோட்டார் வேண்டும், அதற்கு நல்ல எர்த்தும் கசிவு மின்சாரத்தில் தானே துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும். இரண்டு அங்குல பம்பு நிமிடத்துக்கு ஐந்நூறு லிட்டருக்குக் குறையாமல் இழுக்கும். 1.2 மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் மூன்று மீட்டர் நீர் நின்றால், மொத்தமே ஏறக்குறைய 3,390 லிட்டர். முழு வேகத்தில் ஓட்டினால் பத்து நிமிடத்துக்குள் காலி. வெளியே மண் நீரில் ஊறிக் கனத்து நிற்கும்போது உள்ளே திடீரென்று வெறுமையானால், அந்த அழுத்தம் உறையை உள்ளே தள்ளும், மணல் உறைகளின் இடைவெளி வழியாக வாரிக்கொண்டு வரும். வால்வைப் பாதி மூடி, அரை மீட்டர் இறங்கியதும் நிறுத்திப் பாருங்கள். வெளியேறும் நீரில் மணல் தெரிந்தாலோ, கிணற்றைச் சுற்றித் தரையில் வெடிப்பு விட்டாலோ, அதோடு நிறுத்திவிட வேண்டும். கிணறு முழுக்க வறள வேண்டிய அவசியமில்லை. கலங்கல் குறைந்தால் போதும். இறைத்த நீரை ஓஸ் போட்டுக் குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் விடுங்கள். அருகிலேயே விட்டால் மறுபடி அதே கிணற்றில் ஊறும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு எச்சரிக்கை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் உப்பு குறையவில்லை. மணலுக்கடியில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே அளவுக்கு மீறி இழுத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறும். ஆகவே காயல்பட்டினம், ஆறுமுகநேரி போன்ற இடங்களில் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டே இறையுங்கள். எண் ஏற ஆரம்பித்தால் மோட்டாரை நிறுத்துங்கள்.

இனி மருந்து. ஊர்க் கிணற்றில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரை வீசிவிட்டுப் போவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். பவுடர் நேராக அடியில் போய்ப் படியும், சுண்ணாம்பு கலங்கும், மேல் நீரில் மருந்து ஏறாது. அதோடு பவுடரின் வீரியம் மூட்டைக்கு மூட்டை மாறும். புதிதாக வந்தது 33 சதவீதம் குளோரின் தரும். பிரித்து வைத்து மழை ஈரம் பட்டது அதில் பாதிகூடத் தராது. கட்டி பிடித்த, வாடை குறைந்த மூட்டையைக் குடிநீருக்கு வாங்கவே வேண்டாம்.

முதல் சுற்று கடுமையான மருந்து: லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். மேலே சொன்ன கிணற்றுக்கு 3,390 லிட்டர் × 50, அதாவது சுமார் 170 கிராம் குளோரின். பவுடரில் 25 சதவீதம் இருப்பதாக வைத்தால் 680 கிராம் பவுடர். கன அளவுக்குச் சூத்திரம்: 3.14 × விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் ÷ 4, மீட்டரில் அளந்து 1,000 ஆல் பெருக்கினால் லிட்டர். பிளாஸ்டிக் வாளி ஒன்றுக்கு 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள். கொஞ்சம் நீர் விட்டுத் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் படிந்த சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. தெளிந்த நீர் இருக்கும் வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் மூழ்கவிட்டு, மேலும் கீழும் பக்கவாட்டிலும் வேகமாக ஆட்டிக் கலக்குங்கள். கொஞ்சத்தை உறையின் உட்பக்கத்திலும் ஊற்றித் தேயுங்கள். மோட்டார் பூட்டிய வீடு என்றால் குழாய்களைத் திறந்து மருந்து வாடை வரும்வரை ஓட்டி, மேல்நிலைத் தொட்டியையும் நிரப்பி மூடுங்கள். இரவு முழுக்க இருக்கட்டும். வாளியையும் கயிற்றையும் கழற்றி வைத்துவிட்டு, குடிக்க வேண்டாம் என்ற அட்டையைக் கட்டுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கத்தில் இருக்கவே கூடாது, கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

மறுநாள் அந்த நீரை மெதுவாக இறைத்து, குளத்துக்கோ பயிருக்கோ போகாத வெற்றுத் தரையில் விட்டு, கிணற்றில் புது நீர் ஊற விடுங்கள். இப்போது வருவதுதான் தினசரி அளவு. இதற்கு, ஒரு கிணற்றுக்கு எவ்வளவு பவுடர் வேண்டும் என்று கண்டுபிடிக்கும் கோப்பைகள் அடங்கிய ஹாரக்ஸ் சோதனைப் பெட்டியை நம்பலாம். கருப்புக் கோப்பையில் இரண்டு கிராம் பவுடரைக் குழைத்து, குறி வரை நீர் ஊற்றித் தெளிய விடுங்கள். ஆறு வெள்ளைக் கோப்பைகளில் கிணற்று நீர். முதல் கோப்பைக்கு ஒரு சொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, ஆறாவதுக்கு ஆறு. கலக்கி அரை மணி நேரம் கழித்து மூன்று சொட்டு ஸ்டார்ச் அயோடைடு, குளோரின் மிச்சமிருந்தால் நீலமாகும் கரைசல். நீல நிறம் தெளிவாகத் தெரியும் முதல் கோப்பை எதுவோ, அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் 455 லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். மூன்றாவது கோப்பை என்றால் ஆறு கிராம். நம் கிணற்றுக்கு ஏறக்குறைய 45 கிராம். இந்தச் சோதனையின் அருமை என்னவென்றால், கையில் இருக்கும் அதே பவுடரை அதே கிணற்று நீரில் போட்டுப் பார்க்கிறோம். பவுடர் எவ்வளவு பழையது, நீரில் எவ்வளவு அழுக்கு குளோரினைத் தின்னும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே நீல நிறத்தில் வந்துவிடுகிறது. இரவில் எல்லோரும் நீர் எடுத்து முடிந்த பிறகு போட்டால் காலைக்குள் வேலை முடிந்திருக்கும். ஒரு மணி நேரமாவது விடாமல் யாரும் எடுக்கக் கூடாது.

அதன் பிறகு எஞ்சிய குளோரினைச் சோதியுங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 0.2க்குக் கீழே போனால் மறுபடி போட வேண்டும். குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரை வைத்துப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது: குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு வந்து உடனே வெளுத்துவிடும், பார்ப்பவர் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு இன்னும் மருந்து ஊற்றுவார். வாடை மூக்கைத் துளைக்கிறது, நிறம் வரவில்லை என்றால், ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு குளோரின் இல்லாத சுத்த நீர் கலந்து மறுபடி பார்த்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

கலங்கல் தீராத நீரில் எவ்வளவு மருந்து போட்டாலும் நிற்காது. தேற்றாங்கொட்டை உரசிப் போட்டால் மண் தெளியும், உண்மைதான். ஆனால் கிருமி சாகாது, கொட்டையின் சத்து நீரில் கலந்து குளோரினையும் கொஞ்சம் தின்னும். குடத்தில் தெளியவைத்து வடிகட்டி, பிறகு காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள்.

பாக்டீரியா சோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி எளிது. மாதிரியை ஊற்றி அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக்கிருமி இருக்கும் சந்தேகமுள்ள நீர் கருக்கும். மாவட்டத் தலைநகரில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், கிருமி நீக்கிய பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மாதிரியில் மிச்சமிருக்கும் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று, கெட்ட கிணற்றுக்கு நல்ல சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்ப்பிக்கவும்.

மருந்து போட்டும் குப்பி கருத்துக்கொண்டே இருந்தால் குற்றம் மருந்தில் இல்லை. கழிப்பறைத் தொட்டி பதினைந்து மீட்டருக்குள் இருக்கும், அல்லது கைப்பிடிச் சுவர் முக்கால் மீட்டருக்குக் குறைவாக இருக்கும், அல்லது சுற்றியுள்ள சிமென்ட் தளம் வெடித்து, துணி துவைத்த நீர் உள்ளே வழியும். சிமென்ட் மூட்டையும் கொத்தனாரும் அங்கே தேவை. தளத்தைக் கிணற்றிலிருந்து வெளிப்பக்கம் சாய்வாக ஒரு மீட்டர் அகலத்துக்குப் போட்டுக் கொடுப்பது, ஒரு மாதம் மருந்து ஊற்றுவதைவிட மேல்.

வேலை நடக்கும்போதே ஆட்கள் வந்து கேட்பார்கள்: "எய்யா, மருந்து போட்டாச்சே, இனி குடிக்கலாமா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளூர்ப் பேச்சு தெரிந்த மாணவி என்றால் மிக நல்லது, ஏனென்றால் நீர் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சோதனை எண்ணைக் காட்டி, இன்றைக்குக் குளிக்கலாம், குடிக்க நாளை என்று நேராகச் சொல்லுங்கள். கேட்பவர் மனம் நோகக் கூடாதே என்று குடிக்கலாம் என்றுவிடாதீர்கள்.

குளோரின் நிலைக்கும் காலம் குறுகியது. புது நீர் ஊற ஊறக் கரைந்துபோகும். ஆகவே முதல் வாரத்தில் தினமும், பிறகு வாரம் ஒரு முறை அளக்க யாராவது இருக்க வேண்டும். கிளம்பும் நாளில் ஹாரக்ஸ் பெட்டி, மீதிப் பவுடர், காற்று புகாத பிளாஸ்டிக் டப்பா, கிணற்றுத் தாள்கள் எல்லாவற்றையும் ஊராட்சிச் செயலரிடமும் ஊரில் கள நீர்ச் சோதனைக்குப் பயிற்சி பெற்ற பெண்கள் இருந்தால் அவர்களிடமும் ஒப்படையுங்கள். ஒவ்வொரு தாளின் மேலும் அந்தக் கிணற்றுக்கு எத்தனை கிராம் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதி, அந்த அளவு கொள்ளும் கரண்டி ஒன்றையும் கூடவே கட்டிக் கொடுங்கள். கோடையில் நீர்மட்டம் பாதியாகும்போது கரண்டிக் கணக்கும் பாதியாக வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.