சித்தப்பா ஷெட்டுக்கு லைட் போட்ட கதை

நீலகிரில கட்டபெட்டு பக்கத்துல எங்க சித்தப்பா ஒரு ஷெட் போட்டாருங்க, 30க்கு 50 அடி, மேல தகரம், ஓரத்துல 12 அடி உயரம், நடுவுல 16 அடி இருக்கும். அரவங்காடு கார்டைட் ஃபேக்டரில இருந்து ரிடையர் ஆனதுல இருந்தே மனுசனுக்கு தச்சு வேலைல பைத்தியம். சில்வர் ஓக் பலகை, கடைசல் மெஷின், வட்ட ரம்பம், இழைப்பு மெஷின்னு எல்லாம் பாத்து பாத்து வாங்குனவரு, லைட்டுக்கு மட்டும் ஒரு டீ குடிக்கிற நேரம் கூட யோசிக்கல. "ஷெட்டு பெருசு, அப்ப லைட்டும் பெருசா வேணும், அவ்ளோதான"ன்னுட்டாரு. எலக்ட்ரீசியன் தம்பியும் "சரிங்க சார்"னு 150 வாட்ஸ் ஹைபே லைட் ரெண்டு கொண்டாந்து 12 அடில தொங்க விட்டுட்டு காசு வாங்கிட்டு போயாச்சு.

ஹைபேங்கறது குடோன், ஃபேக்டரி மாதிரி கூரை இருபது அடிக்கு மேல இருக்கற இடத்துக்கு. அதை தலைக்கு கிட்டக்க தொங்க விட்டா அடில நிக்கறவனுக்கு கண்ணு கூசும், மூலைல இருக்கறவனுக்கு இருட்டு. சித்தப்பா பலகைல பென்சில் கோடு போட குனிஞ்சா அவரு தலை நிழல் சரியா அந்த கோட்டு மேலயே வந்து உக்காரும், வலது பக்கம் நகந்தா நிழலும் நகரும், கடைசில சித்திய டார்ச் புடிக்க சொன்னாரு. 300 வாட்ஸ் எரியுது, பக்கத்துல சித்தி டார்ச்சோட நிக்குது. "இதுக்கு ஷெட் எதுக்குங்க, என்னையவே தொங்க விட்ருக்கலாமே"ன்னு ஒரு கேள்வி வேற.

ராத்திரி கூத்து இன்னும் பெருசு. நம்ம ஊர் மிஸ்ட் தெரியும்ல, சாயந்திரம் ஆறு மணிக்கு பள்ளத்துல இருந்து ஏறி வரும். ஷெட் கதவை திறந்து வெச்சு லைட்டை போட்டதும் மிஸ்ட் மொத்தமும் வெள்ளையா பளபளன்னு ஆயிடுச்சு, கீழ எஸ்டேட் லைன் வீடுங்கள்ல இருந்து போன் மேல போன், "என்னங்க வீட்ல ஏதும் விசேஷமா"ன்னு ஒருத்தரு, "ஏதும் துக்கமா"ன்னு இன்னொருத்தரு, ஒருத்தரு போன் கூட பண்ணாம நேரா சால்வைய போத்திக்கிட்டு முகத்தை சோகமா வெச்சுக்கிட்டு வந்து நின்னுட்டாரு, சித்தப்பாவே எதிர்ல வந்து வாங்கன்னதும் அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வெளிச்சம் இருந்தா காட்டெருமை வராதுன்னு சொல்லுவாங்க, அதுவும் வந்துச்சு, கொஞ்ச நேரம் லைட்டை மொறச்சு பாத்துட்டு பீன்ஸ் பாத்திக்கு போயிடுச்சு. காலைல பாத்தா கையகல விட்டில்பூச்சிங்க, சித்தி முறத்துல அள்ளி கொட்டுச்சு.

அப்புறம்தான் என்னைய கூப்ட்டாங்க. நான் கல்யாண பத்திரிக்கை பின்னாடியே கணக்கு போட்டேன். 1500 சதுர அடின்னா சுமாரா 140 சதுர மீட்டர், மர வேலைக்கு கொறஞ்சது 300 லக்ஸ் (ஒரு சதுர மீட்டர்ல விழற வெளிச்சம்) வேணும்னு வெச்சா 42,000 லூமன் (லைட்டு குடுக்கற மொத்த வெளிச்சம்), தூசி படியறது, இருட்டு சுவரு முழுங்கறது எல்லாம் சேத்தா 60,000 கிட்ட வரும். நாலடி எல்இடி பேட்டன் (டியூப்லைட் மாதிரி நீட்டு லைட்டு) 20 வாட்ஸ் ஒண்ணு 2,000 லூமன் குடுக்கும், ஆக முப்பது. "முப்பதா! மாரியம்மன் பண்டிகையா நடத்தறேன்?"னு கத்திட்டு, இருபதுல முடின்னாரு. லக்ஸ் கிட்ட பேரம் பேசுன ஒரே ஆளு எங்க சித்தப்பாதான். சுவருக்கு உள்பக்கம் வெள்ளை அடிச்சா கொஞ்சம் கொறைக்கலாம்னேன், கூரைல நடுநடுவுல வெளிச்சம் விடற ஃபைபர் ஷீட்டு நாலு மாத்தினா பகல்ல லைட்டே வேணாம்னேன், ஒரு வழியா 24ல வந்து நின்னுச்சு.

பழைய டியூப்லைட் நெறய கெடக்கு அதையே மாட்டலாமேன்னாரு. மாட்டி பாத்தாரு, ஜனவரி காலை குளிர்ல அதுங்க கண்ணடிச்சு கண்ணடிச்சு எரியறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. எல்இடிக்கு குளிருன்னா கொண்டாட்டம், சூடு ஏறாம இருந்தா ஆயுசு கூடும்.

கோயம்புத்தூர்ல கடைக்கு போனோம். அங்கதான் சித்தப்பாவோட ஃபேக்டரி மூளை வேலை செஞ்சுது. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், மட்டமான லைட்டு செகண்டுக்கு நூறு தடவை மின்னும், கடைசல் மெஷின்ல கட்டைய கவ்வற நாலு தாடை சக் நிமிசத்துக்கு 1500 சுத்து சுத்துனா தாடையும் செகண்டுக்கு நூறு தடவை தாண்டும், ரெண்டும் சேந்துட்டா சுத்தற சக் நின்ன மாதிரி தெரியும், நின்னுருச்சுன்னு கைய விட்டா விரல் போச்சு. இதை கடைக்காரருக்கு ஒரு கிளாஸே எடுத்துட்டு, சித்தி செல்லு கேமராவ ஒவ்வொரு லைட்டுக்கும் நேரா புடிச்சு கருப்பு கோடு ஓடுதான்னு பாக்க ஆரம்பிச்சாரு (அவருது பட்டன் போன்), மின்னற லைட்டுன்னா கேமரால கோடு ஓடும். கோடு ஓடுனதை எல்லாம் ஓரமா தள்ளுனாரு. கடைக்காரரு மூஞ்சி போன போக்கை சொல்லி மாளாது. வீட்ல வந்து லைட்டு வரிசைங்களை மூணு ஃபேஸ்லயும் பிரிச்சு குடுக்க சொன்னதும் அவரு ஐடியாதான், ஒரு ஃபேஸ் மங்கறப்ப இன்னொண்ணு எரியும்ல.

நான் அடம் புடிச்சது ரெண்டு விசயம். ஒண்ணு ஐபி 65 வாங்கணும், முதல் 6 தூசி உள்ள போகாம இருக்க, 5 தண்ணி பட்டாலும் தாங்க. தகரத்துல விடிகாலைல வேர்த்து சொட்டற ஊருல, ரம்பத்தூள் பறக்கற ஷெட்டுல சாதா பேட்டன் தாங்காது. இன்னொண்ணு கலர். 6500 கெல்வின்ங்கற நீலம் அடிக்கற வெள்ளைல அதுக்கு முன்னாடி சம்பந்தி வீட்டு கதவுக்கு பாலிஷ் போட்டாரு சித்தப்பா, ஷெட்டுக்குள்ள நல்ல தேக்கு கலர்னு நெனச்சது வெளிய வெயில்ல தூக்கி வெச்சா பீட்ரூட் கலரு. சம்பந்தியம்மா எதுவும் சொல்லல, கதவை மட்டும் ரொம்ப நேரம் பாத்தாங்க. அதனால நீலம் கொறஞ்ச 4000 கெல்வின், சிஆர்ஐ (கலரை எவ்ளோ சரியா காட்டுதுங்கற அளவு) 90ல பாலிஷ் போடற மூலைக்கு தனியா நாலு. மேஜைக்கு மேல லைட்டு முதுகுக்கு பின்னாடி வராம முன்பக்க விளிம்புக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுனோம், வரிசைக்கு ஒரு சுவிட்சு, ஒரு வரிசை மட்டும் இன்வெர்ட்டர்ல.

இப்ப எந்த பக்கம் குனிஞ்சாலும் கோடு தெரியுது. சித்தி டார்ச்சை திரும்ப வாங்கி பீரோல வெச்சு பூட்டிருச்சு.

அந்த ஹைபே ரெண்டையும் ஊர் பசங்க வாலிபால் கிரவுண்டுக்கு கேட்டாங்க, 25 அடி கம்பத்துல ஏத்துனாங்க, அங்க சும்மா ஜம்முனு இருக்கு. சித்தப்பா தினமும் சாயந்திரம் போய் "எங்க லைட்டு"ன்னு சொல்லிக்கிட்டு அம்பயரா நிக்கறாரு, வாலிபால் ரூல்ஸ் அவருக்கு தெரியாது, லைன்ல விழுந்தாலும் அவுட்டுங்கறாரு, பசங்களும் லைட்டை கழட்டிட்டு போயிடுவாரோன்னு பயந்து ஒத்துக்கறானுங்க.