அம்மா தைத்த போர்வையை மெஷினில் துவைத்தேன்

என் மகள் பிறந்தபோது அம்மா தன் பழைய பருத்திப் புடவைகளைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, கையாலேயே ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார். 6 வருடமாக வெயிலில் காயப்போட்டு உதறி வைப்பதோடு சரி, நனைத்ததே இல்லை. போன மாதம் ஒரு டம்ளர் பால் அதன் மேல் கொட்டிவிட்டது. சலவைக் கடைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. முன்பு ஒரு ஜெய்ப்பூர் ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வையைக் கொடுத்து, பஞ்சு முழுக்க ஒரு மூலையில் திரண்டு திரும்பி வந்திருக்கிறது.

எங்களுடையது 7 கிலோ ஃபிரண்ட் லோட் மெஷின். பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டினால் போர்வை 2 கிலோ 300 கிராம்தான். ஆனால் எடையை மட்டும் நம்பக் கூடாது. டிரம்மில் தளர்வாக வைத்த பிறகும் மேலே ஒரு கை தாராளமாகப் போய்வர வேண்டும். அடைத்துத் திணித்தால் தண்ணீர் நடுப் பஞ்சுவரை போகாது; போன சோப்பும் வெளியே வராது.

துவைப்பதற்கு முதல் நாள் இரவு தையல் முழுவதையும் தடவிப் பார்த்தேன். நான்கு இடத்தில் நூல் விட்டிருந்தது. அதை அப்படியே போட்டிருந்தால் பஞ்சு அந்த வழியாகத்தான் நகர்ந்திருக்கும். இழையோட்டித் தைத்து முடித்தேன்.

எனக்கு உண்மையான பயம் சாயம்தான். நடுவில் ஒரு மெரூன் சுங்குடி, அதன் பக்கத்திலேயே சந்தன நிறத் துண்டு. ஈர வெள்ளைக் கைக்குட்டையை மெரூன் மேல் அழுத்தி எடுத்தால் இளஞ்சிவப்பு ஒட்டியிருந்தது. உப்புப் போடு, வினிகர் ஊற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வீட்டில் ஊற்றும் வினிகர், பருத்தியில் ஏறிய சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. ஒட்டாமல் நிற்கும் சாயத்தை நிறைய தண்ணீரில் அலசிப் போக்குவதுதான் வழி. ஃபிரண்ட் லோடில் தண்ணீர் குறைவு என்பதால் முதலில் பெரிய டப்பில் பச்சைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி அலசினேன். நான்காவது தண்ணீர்தான் தெளிவாக வந்தது.

அப்புறம் மெஷின். லிக்விட் சோப்பு இரண்டு ஸ்பூன், சூடு இல்லாத மென்மையான சுற்று, கூடுதலாக ஒரு அலசல். தூள் வேண்டாம், கரையாத துகள் பஞ்சுக்குள் தங்கிவிடும். துவைப்பதில் ஒரு தொந்தரவும் இல்லை. பிழியும்போதுதான் ஆரம்பித்தது. ஈரப் போர்வை ஒரே பக்கம் பந்தாகச் சுருண்டுகொள்ள, டிரம் இரண்டு சுற்று சுற்றும், நிற்கும், மறுபடி முயலும். 9 நிமிடம் என்று காட்டிய இடத்திலேயே அரை மணி நேரம் ஓடியது. சாயம் போகும் துணி ஈரமாக மடிந்து கிடக்கக் கூடாதே என்று எனக்குப் பதற்றம். நிறுத்தி, கதவைத் திறந்து, போர்வையை உதறிப் பரப்பி, எதிர்ப்பக்கம் இரண்டு பழைய வெள்ளைத் துண்டுகளை நனைத்து வைத்தேன். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஒழுங்காகப் பிழிந்து முடித்தது.

எடுத்துப் பார்த்தால் சந்தனத் துண்டின் ஒரு ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. காய்ந்துவிட்டால் போவது கஷ்டம் என்பதால் ஈரத்தோடேயே அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசினேன். பெரும்பாலும் போய்விட்டது.

ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பஞ்சு கீழே இறங்கிவிடும். மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மேலே ஒரு பழைய வேட்டி விரித்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி பரப்பினேன். அடியிலும் காற்றுப் போனது. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டினேன். அன்று சாயந்திரம் மேலே மொறுமொறுவென்று இருந்தாலும் நடுவில் கை வைத்தால் ஜில்லென்றுதான் இருந்தது. அந்த ஜில்லிப்பு அடங்கும்வரை மடிக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் முகர்ந்து பார்த்தேன். பால் வாடையும் இல்லை, சோப்பு வாடையும் இல்லை, வெயில் வாசம் மட்டும்தான்.