மார்ஃபின் வேணாம்னு சொன்ன ரெண்டு பேர்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல வீடு வீடா போய் பாக்குற நர்ஸ் வேலை எனக்கு. இனிமே கீமோ குடுத்தும் பிரயோஜனம் இல்ல, வீட்டுக்கு கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லி அனுப்பின கேன்சர் பேஷன்ட்டுங்கதான் பெரும்பாலும். வலிக்கு மருந்து, படுக்கைப்புண்ணுக்கு டிரஸ்ஸிங், மூச்சு வாங்குனா எப்படி சாய்ச்சு உக்கார வெக்கணும்னு வீட்டு ஆளுங்களுக்கு சொல்லிக் குடுக்குறது, இதான் வேலை. இந்த வேலைல இருக்கேன்னு தெரிஞ்சதும் நிறைய பேரு கேக்குறது ஒரே கேள்வி. சாமி நம்பிக்கை உள்ளவங்க நிம்மதியா போறாங்களா, நம்பாதவங்க கடைசி நேரத்துல பயந்துபோய் கும்புட ஆரம்பிச்சிடுறாங்களா? நான் கத்தோலிக்க குடும்பத்துல பொறந்தவ, ஞாயித்துக்கிழமை பூசை விட மாட்டேன், அதனால எங்க கோயில்ல கேக்குறவங்களுக்கு நான் "ஆமா, கடைசில எல்லாரும் ஆண்டவரத்தான் கூப்புடுறாங்க"ன்னு சொல்லணும்னு ஒரு ஆசை இருக்கும், முகத்துலயே தெரியும். கருப்புச்சட்டைக்காரங்க கேட்டா அதுக்கு நேர் எதிரா ஒரு பதில எதிர்பாக்குறாங்க. நான் ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்ல மாட்டேன். ஏன்னு சொல்லணும்னா ரெண்டு பேரப் பத்தி சொல்லணும், யாருன்னு அடையாளம் தெரியாத மாதிரி சிலத மாத்திதான் சொல்றேன்.

ரெண்டு பேருமே மார்ஃபின் வேணாம்னு சொன்னவங்க. மார்ஃபின்னாலே நம்மூர்ல ஒரு பயம், அது போதை மருந்து, குடுத்தா சீக்கிரம் ஆள் போயிடும்னு. 1985ல வந்த என்.டி.பி.எஸ்.ங்குற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல அத்தன லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததால ஆஸ்பத்திரிங்களே வாங்கி வெக்க பயந்துச்சு, 2014ல சட்டத்த திருத்தினப்புறம்தான் கொஞ்சம் வழி திறந்துச்சு. சரியான அளவுல குடுத்தா அது ஆளக் கொல்லாது. காலைல 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10, அந்த ராத்திரி டோஸ் மட்டும் டபுளா குடுப்போம், நடுராத்திரி எழுப்பாம இருக்க. மொத ரெண்டு மூணு நாள் தூக்கம் தூக்கமா வரும், அப்புறம் தெளிஞ்சிடும். மலச்சிக்கல் வரும், அதுக்கு கூடவே மாத்திரை எழுதிடுவாங்க. இவ்வளவுதான் விஷயம், ஆனா இத நம்ப வெக்கறதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிடும்.

மொத ஆளு நெல்லித்தோப்பு பக்கம் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. மார்பகத்துல வந்தது முதுகெலும்புக்கு பரவி, திரும்பிப் படுக்கறதே சித்திரவதையா இருந்துச்சு. ஜெபமாலைய அவங்க புடிச்சிருக்குற புடில உள்ளங்கைல மணி மணியா பள்ளம் விழுந்திருக்கும், நான் பல்ஸ் பாக்க கைய எடுக்கும்போது அந்த தடத்த பாத்துட்டுதான் வலி எவ்வளவு இருக்குன்னு கணக்கு போடுவேன், ஏன்னா வாயத் தொறந்து சொல்லவே மாட்டாங்க. மாத்திரை எடுத்துக்கங்க டீச்சர்னு சொன்னா, "சிலுவைல அறையிறதுக்கு முன்னாடி வலி மரத்துப் போக வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்த குடுத்தாங்க, நம்ம ஆண்டவர் வாங்கிக்கல, மாற்கு 15ஆம் அதிகாரம் படிச்சுப் பாரு"ன்னாங்க. இந்த வலிய ஆத்துமாக்களுக்காக ஒப்புக்குடுக்குறாங்களாம். எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல, நானும் அதே பைபிள்தான படிக்கிறேன்.

பங்கு சாமியார்கிட்ட போய் சொன்னேன். நன்மை, அதான் நற்கருணை அப்பம், குடுக்க வந்தவரு பக்கத்துல ஸ்டூல போட்டு உக்காந்து, "டீச்சர், அதே ஆண்டவர் சாகுறதுக்கு கொஞ்சம் முன்னாடி தாகமா இருக்குன்னு கேட்டு, கடற்பஞ்சுல வெச்சு நீட்டின காடிய வாங்கிக்கிட்டாருன்னு யோவான் எழுதியிருக்காரே, எங்களுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக் குடுத்தவங்க நீங்க"ன்னாரு. அப்புறம் 1957லயே பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் டாக்டருங்ககிட்ட பேசும்போது, வேற வழி இல்லன்னா வலிய குறைக்குற மருந்து குடுக்கலாம், அதனால ஆயுசு கொஞ்சம் குறைஞ்சாலும் அது பாவம் இல்லன்னு சொல்லியிருக்காருன்னும் எடுத்துச் சொன்னாரு. டீச்சர் கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு இருந்தாங்க. "பகல்ல எடுத்துக்குறேன், வெள்ளிக்கிழமை மூணு மணி ஆண்டவர் உயிர் விட்ட நேரம், அப்ப மட்டும் வேணாம்"னாங்க. நான் அந்த ஒரு நாள் மட்டும் ரெண்டு மணி டோஸ நாலு மணிக்கு தள்ளி வெச்சேன், டாக்டரும் சரின்னுட்டாரு. பாடப்புத்தகத்துல இப்படி எல்லாம் இல்ல, ஆனா அவங்க உடம்பு, அவங்க வெள்ளிக்கிழமை.

பெரிய சண்டை வந்தது பையனால. ஃபிரான்ஸ்ல இருக்கான், அங்க ஒரு ஜெபக்கூட்டத்துல ரொம்ப ஈடுபாடு, வீடியோ கால்ல வந்து அம்மாவ ஐசியூல சேருங்க, வென்டிலேட்டர் வைங்க, அற்புதம் நடக்குறதுக்கு டைம் குடுக்கணும்ல சிஸ்டர்னு அழுறான். நிறைய பேரு நெனைக்கிறது, சொர்க்கத்த நம்புறவங்க சாவ சுலபமா ஏத்துப்பாங்கன்னு. அப்படி எல்லாம் கணக்கு போட முடியாது. 2009ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, முத்திப்போன கேன்சர் நோயாளிங்க 345 பேர வெச்சு பண்ணது, நோய தாங்கிக்க மதநம்பிக்கைய ரொம்ப பிடிச்சுட்டு இருந்தவங்கள்ல 11.3 சதவீதம் பேருக்கு கடைசி வாரத்துல வென்டிலேட்டர் வெச்சிருந்தாங்க, அந்த அளவுக்கு பிடிச்சுக்காதவங்கள்ல 3.6 சதவீதம்தான். எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, நான் பாக்குற வீடுகள்லயும் சிகிச்சைய நிறுத்த மனசு வராம நிக்கிறவங்கள்ல ஜெபம் பண்றவங்க நிறைய. டீச்சர்தான் கடைசில பையன்கிட்ட, "நான் போறதுதான்டா எனக்கு அற்புதம், நீ டிக்கெட் போட்டு வந்து பக்கத்துல உக்காரு"ன்னு முடிச்சு விட்டாங்க.

அவங்களுக்கு பயமே இல்லையான்னா, இருந்துச்சு. ஒரு ராத்திரி சொன்னாங்க. அறுபதுகள்ல மொத புள்ள செத்தே பொறந்துருக்கு, ஞானஸ்நானம் குடுக்கல, கல்லறை மதிலுக்கு வெளிய பொதைச்சிருக்காங்க, அந்த காலத்து வழக்கம் அப்படி. அப்படிப்பட்ட குழந்தைங்க லிம்போன்னு ஒரு எடத்துல இருக்கும், கடவுள பாக்காதுன்னு அப்ப சொல்லிக் குடுத்தது அவங்க மனசுல அப்படியே ஒறைஞ்சு கெடந்துருக்கு. "நான் மேல போனா அது அங்க இருக்காதே"ன்னாங்க. எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. சாமியார் வந்து, 2007ல வத்திக்கான் இறையியல் குழு ஒரு அறிக்கை குடுத்துருக்கு, அந்த குழந்தைங்களும் மீட்பு அடையும்னு நம்பிக்கை வெக்க காரணம் இருக்குன்னு அதுல இருக்குன்னாரு. டீச்சரா கொக்கா, "நம்பிக்கை வெக்கலாம்னா, உறுதி இல்லையா ஃபாதர்?"னு கேட்டுட்டாங்க. அவரு பொய் சொல்லல. "உறுதின்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல டீச்சர், ஆனா நான் நம்புறேன்"னாரு. அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை கூடினது அந்த எடத்துலதான்.

இன்னொருத்தர் திருப்பாப்புலியூர். மின்வாரியத்துல வேலை பாத்து ஓய்வு பெத்தவர், திராவிடர் கழகத்துக்காரர், படுக்கைலயும் கருப்புச் சட்டைதான், முன்பக்கம் பட்டன் போட்டு விட வசதியா தொளதொளன்னு தெச்சது. 1944ல கடலூர்ல பெரியார் மேல செருப்பு வீசினாங்க இல்லையா, அந்த எடத்துல 1972ல சிலை தொறந்தப்ப கூட்டத்துல நின்ன ஆளு. என்ன சிஸ்டர்னு கூப்புட மாட்டாரு, "வாம்மா தோழர்"ம்பாரு. நுரையீரல்ல கேன்சர், விலா எலும்புல ஏறிடுச்சு, இருமுனா கண்ணு ரெண்டும் செருகும். அவரும் மார்ஃபின் வேணாம்னாரு. காரணம் கேட்டா, "மயக்கத்துல நான் எதாவது உளறி, முருகான்னோ ஏசப்பான்னோ வாய்ல வந்துடுச்சுன்னா, ஆயுசு பூரா நான் பேசினது அத்தனையும் அன்னையோட போச்சு. கடைசில மனசு மாறிட்டாருன்னு தெருவே பேசும்"னாரு.

வெறும் வீம்புன்னு நெனைக்காதீங்க, அவரு பயத்துக்கு காரணம் இருக்கு. டார்வின் சாகும்போது மனம் திரும்பி பைபிள் படிச்சாருன்னு லேடி ஹோப்னு ஒரு அம்மா கிளப்பி விட்டு, 1915ல அது அமெரிக்க பத்திரிகைல அச்சாச்சு, டார்வின் செத்து முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு. அவரு பொண்ணு ஹென்ரியட்டா 1922ல, நான் கூடவே இருந்தேன், அப்படி ஒண்ணும் நடக்கலன்னு எழுதினாங்க. இன்னைக்கும் பிரசங்கத்துல அந்த கதைய நான் கேட்டுருக்கேன், கேக்கும்போது ஒரு கிறிஸ்தவளா எனக்கு வெக்கமா இருக்கும். ஒரு மனுஷன் நெனவோட இருந்தப்ப வாழ்க்கை பூரா சொன்னத விட்டுட்டு, கிட்னி கெட்டு, உப்பு கொறஞ்சு, ஆக்சிஜன் ஏறாம குழம்பிக் கெடக்குறப்ப முணுமுணுத்தத புடிச்சு வெச்சுக்கிட்டு ஜெயிச்சுட்டோம்குறது என்ன விசுவாசம்? கடைசி நாட்கள்ல நிறைய பேருக்கு அந்த மனக்குழப்பம் வரும், மார்ஃபின் எடுக்காதவங்களுக்கும் வரும். செத்துப்போன அம்மாவ கூப்புடுவாங்க, பஸ்சுக்கு லேட்டாச்சும்பாங்க, வேலைக்கு கெளம்புவாங்க. பூசை விடாத பாட்டிங்க கெட்ட வார்த்தைல திட்டினதும் உண்டு. அது எதுவும் வாக்குமூலம் இல்ல.

இத அவருகிட்ட சொன்னப்ப அவரே யோசிச்சு ஒண்ணு சொன்னாரு. 1973 டிசம்பர் 19, தியாகராய நகர்ல பெரியாரோட கடைசி பேச்சு, குடலிறக்க வலி தாங்காம நடுவுல அம்மா அம்மான்னு கத்தினாரு, வலி அடங்கினதும் விட்ட எடத்துல இருந்து பேசினாரு. அப்புறம் வேலூர் சி.எம்.சி.ல சேத்தாங்க, கிறிஸ்துமஸுக்கு மொத நாள், டிசம்பர் 24 அன்னைக்கு இறந்தாரு. "கிறிஸ்டியன் ஆஸ்பத்திரில இறந்தாரு, அதுக்காக யாரும் அவர கிறிஸ்டியன்னு சொல்லல. சரி குடும்மா, நான் எதாவது உளறினா அது நோய் பேசுதுன்னு நீயே எல்லாருக்கும் சொல்லிடு, நீ கோயிலுக்குப் போறவ, நீ சொன்னா நம்புவாங்க"ன்னாரு. சொல்றேன்யான்னு கையில அடிச்சு குடுத்தேன். மூணாவது நாளே எழுந்து உக்காந்து பேப்பர் படிச்சாரு.

அவரு மச்சினி ஒரு சபைக்குப் போறவங்க, ஒரு நாள் பாஸ்டரோட நாலஞ்சு பேர கூட்டிட்டு வந்துட்டாங்க. கட்டில சுத்தி நின்னு தலைல கைய வெக்கப் போறாங்க, அவரு மூச்சு இழுத்துட்டு இருக்காரு, பேச முடியல, கண்ணால என்ன பாக்குறாரு. நான் நடுவுல போய் நின்னுட்டேன். வெளித் திண்ணைல உக்காந்து எவ்வளவு நேரம் வேணா ஜெபம் பண்ணுங்க, நானும் வந்து உக்காருறேன், இவரு மேல கை வெக்க இவரு சம்மதிக்கலன்னேன். நீயும் விசுவாசிதானம்மா, ஒரு ஆத்துமா அழியுறத பாத்துட்டு நிக்கிறியான்னு கேட்டாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு அது நெஜமாவே நெருப்புல விழப்போற மனுஷன புடிச்சு இழுக்குற வேலை, அந்த அம்மா கண்ணுல தண்ணி நின்னுச்சு. ஆனா பதில் சொல்ல திராணி இல்லாத ஆளுகிட்ட வாதம் பண்ணக் கூடாது. அவரு தெம்பா இருந்த எழுபது வருஷமும் பேச டைம் இருந்துச்சே.

மூச்சு சரியானப்புறம் நானே அவருகிட்ட கேட்டேன், பயமா இருக்காய்யான்னு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு தேவனாம்பட்டினத்துல பொணம் எடுத்துப் பொதைச்சவரு அவரு. "கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலைல அத்தன புள்ளைங்கள வாரிட்டுப் போச்சு, அன்னைக்கே எனக்கு மேல கீழ எல்லாம் ஒண்ணும் இல்லன்னு உறுதியாயிடுச்சு. பொறக்குறதுக்கு முன்னாடி எங்க இருந்தேனோ அங்கதான். அதுல என்ன பயம்?" அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அவள நெனைச்சாதான்"னாரு. பொண்டாட்டிய. நான் கண்ண மூடுனதும் ஊர் பொம்பளைங்க வந்து பூ வெச்சு, மஞ்ச பூசி, பத்தாம் நாள் வளையல உடைச்சு பொட்ட அழிப்பாங்க, அவளுக்கு வேணாம்னு சொல்ல தைரியம் வராது, நீ பக்கத்துல இருந்து பாத்துக்கம்மான்னு கேட்டாரு. டீச்சரும் தன்னப் பத்தி பயப்படல, இவரும் தன்னப் பத்தி பயப்படல.

விடியக்காலைல போனாரு. போன் வந்ததும் நான் சொன்னது, ஃபேன ஆஃப் பண்ணுங்க, கண்ண மூடி ஈரப்பஞ்சு வைங்க, தலைக்கு தலகாணி குடுத்து தூக்கி வைங்க. கண் தானத்துக்கு ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும், ரத்தப் புத்துநோய் மாதிரி சிலது தவிர மத்த கேன்சர் இருந்தாலும் கருவிழி குடுக்கலாம், அது பல பேருக்குத் தெரியாது. கண் வங்கில இருந்து வந்து எடுத்தப்புறம், தோழர்கள் வீரவணக்கம் சொல்லி, மதியம் உடம்ப மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைச்சாங்க. அந்தம்மா நெத்தில பொட்டோட, கைல வளையலோட வண்டி வரைக்கும் நடந்து வந்தாங்க. ஒரு வயசான பொம்பள பக்கத்துல வந்து என்னமோ சொல்ல ஆரம்பிச்சுது, நான் தோள்ல கை போட்டு அந்தம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன்.

அதோட முடியல. அவரு பொண்ணு கல்யாணம் கட்டினது வேதக்காரங்க வீட்டுல, அதுவும் ஞானஸ்நானம் வாங்கிடுச்சு, அப்பா அதுக்கு தடை சொல்லல. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வந்தப்ப என்கிட்ட வந்து, பூசைல இறந்தவங்க பேர் வாசிக்கிற லிஸ்ட்ல அப்பா பேரையும் எழுதிக் குடுக்கப் போறேன்க்கான்னுச்சு. நான் வேணாம்னுதான் சொன்னேன். அவரு எதுக்கு பயந்தாரோ அதையே நாம பண்ற மாதிரி இருக்கு, உனக்காக ஜெபம் பண்ணிக்கோ, அவரு பேர மைக்ல வாசிக்க வேணாம்னேன். அது அழல, கோவப்படல, அவங்கப்பா மாதிரியே நேரா பாத்து கேட்டுச்சு: "செத்தா ஒண்ணுமே தெரியாதுன்னு அவருதான சொன்னாரு, அப்ப அவருக்கு என்னக்கா? இருக்குறது நான்தான, எனக்கு அவரு பேர கேக்கணும் போல இருக்கு."

பேர எழுதிக் குடுத்துடுச்சு, வாசிச்சாங்க. அது சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஆனா எனக்கு அது சரின்னும் இன்னும் படல.