மறுப்பவர்களின் பாதையில் வேலை

கையில் சிக்கிய எதிரியைக் கொல்வதா, விட்டுவிடுவதா என்று ஒரு கேம் கேட்கிறது. ஆடுபவருக்கு அது அறம் சார்ந்த கேள்வி. அதைச் சோதிக்க உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு முதலில் அது ஒரு ஃப்ளாக், அதாவது கேம் நினைவில் வைத்துக்கொள்ளும் குறி. கொன்றால் ஒன்று, விட்டால் பூஜ்யம். அந்த ஒன்றும் பூஜ்யமும் கதையில் எங்கெல்லாம் எட்டிப் பார்க்கின்றன, எந்த வசனம் மாறுகிறது, செத்துப்போனவர் மூன்று மிஷன் தள்ளி உயிரோடு போனில் வந்து பேசுகிறாரா என்றெல்லாம் பார்ப்பதுதான் வேலை. பெங்களூரில் இந்த வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நாங்கள் சோதிப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு ஸ்டுடியோக்களின் கேம்கள். ஒப்பந்தப்படி அவற்றின் பெயரைச் சொல்லக் கூடாது. இங்கே பெயரோடு வருபவை எல்லாம் நானே காசு கொடுத்து வாங்கி வீட்டில் ஆடியவை. ஆனால் ஆடியது வேலையில் பழகிய கண்ணோடு.

அந்தக் கண்ணுக்கு முதலில் படுவது கதைக் கிளைகளின் கனம். சொன்ன வேலையைச் செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் புது இடம், புதுச் சண்டை, புது ஆயுதம், நாலு புது மனிதர்கள். முடியாது என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு வரி வசனம், அதோடு கதவு சாத்தப்படும். காரணம் புரியாமல் இல்லை. ஒரு காட்சி என்றால் நடிகர்களின் குரல், உடலசைவுப் பதிவு, முகபாவம், ஏழெட்டு மொழிகளில் சப்டைட்டில், எல்லாம் முடிந்தபின் நாங்கள். சிலரே பார்க்கப்போகும் காட்சிக்கு இவ்வளவு செலவழிக்க எந்தத் தயாரிப்பாளரும் யோசிப்பார். ஆக, பணிகிறவரின் பாதை அகலமாகவும் மறுக்கிறவரின் பாதை ஒற்றையடிப் பாதையாகவும் அமைந்துவிடுகிறது.

டிராகனைக் கொன்று நாட்டைக் காப்பாற்றும் கதையில் இது பெரிய குறையில்லை. காப்பாற்ற மாட்டேன் என்பவருக்கு அங்கே என்ன கதை இருந்துவிடப் போகிறது? சைபர்பங்க் வகைக் கதை அப்படியில்லை. மைக் பான்ட்ஸ்மித் 1988இல் சைபர்பங்க்கை மேசை விளையாட்டாகக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இந்த உலகத்தின் அச்சாணி ஒன்றுதான்: அரசாங்கத்தின் இடத்தில் கம்பெனிகள் உட்கார்ந்திருக்கின்றன, வயிற்றுப்பாடும் உடம்பில் பொருத்திய இயந்திரமும் அவர்கள் கையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட கம்பெனி சொல்லும் வேலையை மறுக்க முடியுமா? கதையே அந்தக் கேள்விதான். அதைக் கேட்டுவிட்டு, மறுத்தவனுக்கு ஒன்றும் கட்டிவைக்காமல் விட்டால், கதை திட்டும் கம்பெனி மாதிரியே கேமும் நடந்துகொள்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

2000இல் வெளிவந்த டியூஸ் எக்ஸ் என்ற கேமை இன்றைக்கும் நான் உயரத்தில் வைப்பது இதனால்தான். வாரன் ஸ்பெக்டர் தலைமையில் ஆஸ்டினில் இருந்த அயன் ஸ்டார்ம் குழு உருவாக்கியது. கதை நடப்பது 2052இல். நாம் ஜேசி டென்டன், தீவிரவாத எதிர்ப்புப் படையில் புதிதாகச் சேர்ந்த ஏஜென்ட். லாகார்டியா விமான நிலையத்தில் நிற்கும் ஒரு 747 விமானத்துக்குள் லெபெடெவ் என்பவர் சரணடைகிறார். கூட வந்த சீனியர் அன்னா நவாரே, அவரைச் சுட்டுவிடு என்கிறாள். ஆயுதம் இல்லாத மனிதர். உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது. திரையில் எந்த மெனுவும் வராது, பட்டனும் வராது, கடிகாரமும் ஓடாது. கையில் துப்பாக்கியோடு நாம் நிற்கிறோம், அவ்வளவுதான். சுடலாம். சுடாமல் நின்றால் அவளே சுடுவாள். லெபெடெவிடம் பேச்சுக் கொடுத்து, நம் படையைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கலாம். அன்னாவை அங்கேயே கொல்லலாம். முதன்முறை ஆடும்போது கடைசியாகச் சொன்னது முடியும் என்றே பலருக்குத் தோன்றாது. தன் அணியில் இருப்பவரைக் கேம் சுட விடாது என்று நமக்கு மற்ற கேம்கள் பழக்கியிருக்கின்றன. இங்கே விடுகிறது. பிறகு அவள் இல்லாமலே கதையை நடத்திக்கொண்டும் போகிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அண்ணன் பால் டென்டன் விஷயம். ஹோட்டல் அறையை எதிரிப் படை சூழ்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஜன்னல் வழியாகப் போய்விடு என்கிறான் பால். அவன் பேச்சைக் கேட்டு ஜன்னல் வழியாகப் போனால் அவன் செத்துவிடுகிறான். கேட்காமல் அங்கேயே நின்று சண்டை போட்டு முன்வாசல் வழியாக வெளியேறினால் பிழைக்கிறான், பின்னால் ஹாங்காங்கிலும் வந்து நிற்கிறான். இது ஒரு தேர்வு என்று எங்கேயும் அறிவிப்பு இல்லை. பால் எப்படியும் சாகத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டே கேமை முடித்தவர்கள் ஏராளம். ஒரு டெஸ்டராக எனக்கு இதில் தெரிவது உழைப்பு. பால் உயிரோடு இருக்கும் நிலை ஒன்று, இல்லாத நிலை ஒன்று என்று அதன்பிறகு வரும் இடங்களில் இரண்டையும் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள். சிலரே கண்டுபிடிக்கப்போகும் ஒன்றுக்காக யாரோ அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

அதே டியூஸ் எக்ஸ் வரிசையில் 2011இல் வந்த ஹியூமன் ரெவல்யூஷன் பாதி இந்த வழியில் வந்தது, பாதி தவறியது. தவறிய பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கேம் முழுக்க யாரையும் கொல்லாமல் ஆடலாம் என்று சொல்லிவிட்டு, பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு நடக்கும் சண்டைகளில் மட்டும் கொன்றே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். 2013இல் வந்த டைரக்டர்ஸ் கட் என்ற திருத்திய பதிப்பில் அந்தச் சண்டைக் களங்களை மாற்றி, துப்பாக்கியை நம்பாதவருக்கும் வழி செய்தார்கள். ஆனால் அப்போதும் பாஸ் சாகத்தான் வேண்டியிருந்தது. நல்ல பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊரில் உடல் இயந்திரம் பொருத்திக்கொண்ட எல்லோருக்கும் கோளாறு வருகிறது, கண்ணெதிரே திரை கலங்குகிறது, உடனே கிளினிக்குக்கு வந்து புதுச் சிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வருகிறது. போட்டுக்கொண்டால் தொல்லை நீங்கும். போடாவிட்டால் கலங்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டவருக்குப் பின்னால் ஒரு முக்கியச் சண்டையில் உடம்பின் இயந்திரங்கள் எல்லாம் அணைக்கப்படுகின்றன. மறுத்தவர் முழு பலத்தோடு நிற்கிறார். கிளினிக்குக்குப் போகாமல் இருந்ததையே ஒரு செயலாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட கேம் அது.

இனி என் மேசைக்கு வருகிறேன். பெயர் சொல்ல முடியாத ஒரு கேம், இதே மாதிரியான நகரம். ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருப்பவர்களைக் கிளப்ப வேண்டும், அதற்குத் தண்ணீர் இணைப்பைத் துண்டித்துவிட்டு வா என்று கம்பெனியின் ஆள் காசு கொடுக்கிறான். வேண்டாம் என்று சொல்லும் வசனமும் இருக்கிறது. என்னிடம் வந்த டெஸ்ட் கேஸ்களில் அந்த வசனத்துக்கு ஒரே வரி: மறுத்தால் கேம் நின்றுவிடாமல் ஓடுகிறதா? ஓடியது. நான் விடாமல் அந்தக் கட்டடத்துக்கே திரும்பிப் போனேன். வேலையைச் செய்து முடித்தவர்களிடம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி பேசுவாள். மறுத்துவிட்டு வந்த எனக்கு அங்கே கிழவியே இல்லை. பணிப் பட்டியலைத் திறந்தால் "தண்ணீர்க் குழாயை மூடு" என்ற வரி அழியாமல் நிற்கிறது. மறுத்தவனைப் பார்த்து, போய் மூடு என்று கேம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கோளாறை, எங்கள் பேச்சில் பக்கை, பதிவு செய்யும்போது பக்கத்து சீட் பையன் எட்டிப் பார்த்தான். "அக்கா, இந்தப் பக்கம் யாரு வரப்போறா? லோ பிரயாரிட்டி போட்டு விட்டுருங்க." அவன் கேட்டதில் தவறில்லை. பில்ட், அதாவது கேமின் அடுத்த பதிப்பு, தள்ளிப்போய்க்கொண்டிருந்த வாரம், க்ராஷ் ஆகும் பக்குகளே குவிந்து கிடந்தன. சொன்னபடியே அடுத்த நாள் மீட்டிங்கில் அதை அடியில் தள்ளினார்கள். நான் இரண்டு வீடியோ எடுத்துப் அருகருகே வைத்து அனுப்பினேன்: வேலையைச் செய்தவருக்கு என்ன கிடைக்கிறது, மறுத்தவருக்கு என்ன கிடைக்கிறது. கீழே, மனசாட்சிப்படி நடந்தவருக்கு ஊர் காலியாக இருக்கிறது, கதை சொல்ல வந்ததற்கு இது நேர் எதிர் என்று எழுதினேன். அந்தப் பகுதியை எழுதிய கதாசிரியர் மறுநாள் போன் காலில் வந்து சேர்ந்துகொண்டார். மறுத்தவரிடம் கிழவி சொல்ல வேண்டிய வசனத்தை அவர் ஏற்கெனவே எழுதி, குரலும் பதிவாகி, பில்டுக்குள்ளேயே இருந்தது.

பிறகு ஏன் வரவில்லை? அந்தக் கேமில் ஒரு பணிக்கு இரண்டே முடிவு நிலைகள்: வென்றது, தோற்றது. மறுப்பைத் தோல்விக் கணக்கில் போட்டிருந்தார்கள். கிழவியின் காட்சி திறப்பதற்கு முன் பார்க்கும் நிபந்தனையோ பணி வென்றதா என்பது. புரோகிராமர் அந்த நிபந்தனையை மாற்ற அதிக நேரம் எடுக்கவில்லை. கிழவி படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள், பட்டியலில் அந்த வரி அழிந்தது. அன்றிலிருந்து கிளைக் கதை உள்ள எந்தக் கேம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மறுப்புக்குத் தனி நிலை இருக்கிறதா, இல்லை அதைத் தோல்வி என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

பான்ட்ஸ்மித்தின் அந்த உலகத்தில் நடக்கும் சைபர்பங்க் 2077 கேம் மேல் எனக்கு மரியாதையும் வருத்தமும் உண்டு. 2020 டிசம்பரில் அது பக்குகளோடு வந்த கோலமும், பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து சில மாதங்கள் நீக்கப்பட்டதும் ஊரறிந்த கதை. நான் சொல்ல வருவது ஜோஷுவா ஸ்டீஃபன்சன் பணியைப் பற்றி. கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றவன், சிறையில் கிறிஸ்தவனாகிறான். தன்னைச் சிலுவையில் அறைவதைப் பதிவு செய்து விற்க ஒரு ஸ்டுடியோவோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறான். பார்ப்பவர் அவன் வலியையும் விசுவாசத்தையும் தன் உடம்பிலேயே உணரும்படியான பதிவு. அவன் கொன்றவர்களில் ஒருவரின் கணவர், அவனைக் கொல்ல நம்மை அமர்த்துகிறார். நடுவில் ஸ்டுடியோவின் பெண் போன் செய்து, காசு வாங்கிக்கொண்டு கிளம்பு என்கிறாள். வாங்கிக்கொண்டு போகலாம். போகாமல் கூடவே இருந்தால், அவனை மன்னித்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகிறோம். அவளுடைய தாய் மன்னிக்கவில்லை, வெடிக்கிறாள். கடைசியில் ஆணி அடிக்க நம்மையே கேட்கிறான்.

இதில் எது நல்லது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவன் நம்பிக்கையை உறுதிப்படுத்தினால் அவனுக்கு நிம்மதி, ஸ்டுடியோவுக்கு நல்ல சரக்கு. நம்பிக்கையைக் குலைத்தால் சரக்கு கெடும், அவன் பயத்தோடு சாவான். கம்பெனிக்கு நஷ்டம் வரவைப்பதற்காக ஒரு மனிதனின் கடைசி நேரத்தைக் கெடுக்கலாமா? இவ்வளவு கனமான கேள்வியை ஒரு பக்கப் பணியில் வைத்ததற்கு அந்த எழுத்தாளர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் வருத்தமும் அங்கேதான் இருக்கிறது. காசை வாங்கிக்கொண்டு நகர்ந்தாலும், எனக்கு இது வேண்டாம் என்று நகர்ந்தாலும், மிச்சக் கதை அப்படியே நின்றுவிடும். அருவருத்துப்போய் விலகியவருக்கும் விலைபோனவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வெறுமைதான் கிடைக்கிறது.

2077இன் விரிவாக்கமாக 2023 செப்டம்பரில் வந்த ஃபேன்டம் லிபர்ட்டியில் அதை உருவாக்கியவர்கள் காசைக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அரசு உளவாளி ரீடின் திட்டப்படி நடக்கலாம், இல்லையென்றால் அந்த அரசிடமிருந்து தப்பிக்க நினைக்கும் சாங்பேர்டோடு போகலாம். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றின் மிஷன்களைப் பார்க்கவே முடியாது. ஒரு பக்கம் விண்கலங்கள் கிளம்பும் தளத்தை நோக்கி ஓட்டம். மறுபக்கம் ஒரு பாதாள ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் ஒன்று துரத்த, சுட வழியில்லாமல் ஒளிந்து ஒளிந்து போக வேண்டிய திகில். அந்தப் பகுதியைச் சோதித்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமூச்சு வரும். இரண்டு முழுக் கேம் அளவுக்கு வேலை. அந்த உழைப்பால்தான் அங்கே அரசாங்கத்தின் ஆளுக்கு முதுகைக் காட்டுவது ஒரு உண்மையான முடிவாக நிற்கிறது.

காசு இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கி 2013இல் வெளியிட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ் சாட்சி. அது சைபர்பங்க் இல்லை, சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடி. கணவனின் காகிதங்கள் சரியாக இருக்கின்றன, பின்னால் நிற்கும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. உள்ளே விட்டால் தவறு உங்கள் கணக்கில் ஏறும், எச்சரிக்கைகள் தீர்ந்தபின் சம்பளத்தில் பிடிப்பார்கள். அன்று இரவு வீட்டில் சாப்பாடா, கணப்பா, மருந்தா என்று கூட்டிக் கழிக்க வேண்டும். விதியை மீறுவதற்குத் தனிக் காட்சி ஒன்றும் கட்டவில்லை, ஆனால் அது வீட்டுக் கணக்கில் வந்து விழுகிறது. எங்கள் குழுவில் சேரும் புதியவர்களை நான் முதலில் ஆடச் சொல்வது இதைத்தான். பெரிய பட்ஜெட் கேம்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, கிளைகளின் எண்ணிக்கையும் தேர்வின் கனமும் வேறு வேறு என்பது நாலு நாளில் விளங்கிவிடும்.

2022 அக்டோபரில் ஓரியன் என்ற பெயரில் சைபர்பங்க் 2077க்கு அடுத்த பாகத்தை அதை உருவாக்கியவர்கள் அறிவித்தார்கள். வெளிவரும் நாளில் அதை வாங்கிவிடுவேன். நாயகனை யாராவது முதல் வேலைக்குக் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, கதவுகளைத் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றப் போகிறேன்.