நோர்மன்கள் எழுதிய தோம்பு

உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஐரோப்பிய வரலாறு கற்பித்த ஆசிரியர், நோர்மன்களைப் பற்றிய பாடத்தை நோர்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்ற, 1066 ஒக்டோபர் 14ஆம் திகதி நடந்த ஹேஸ்டிங்ஸ் போரிலிருந்து தொடங்கவில்லை. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, மன்னனாகிவிட்ட வில்லியம் எழுதுவித்த டூம்ஸ்டே புத்தகம் என்ற நிலப் பதிவேட்டிலிருந்து தொடங்கினார். “போரில் வென்றவன் யாரென்று புத்தகத்திலே வாசியுங்கள், பிள்ளைகள். வென்ற பிறகு காணி யாருடைய பெயருக்கு மாறியது என்று நான் சொல்லித் தருகிறேன்” என்றார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் தோம்பு என்ற காணிப் பதிவேட்டை எழுதிய கதையை அறிந்திருந்த எங்களுக்கு, டூம்ஸ்டே புத்தகம் இங்கிலாந்தின் தோம்பு என்று அவர் சொன்ன மாத்திரத்திலேயே பாடத்தில் பாதி விளங்கிவிட்டது.

நோர்மன்களின் முன்கதையை அவர் விரைவாகவே சொல்லி முடித்தார். வட ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து, இன்றைய பிரான்சின் சேன் ஆற்றங்கரைகளைக் கொள்ளையிட்ட ரொல்லோவின் கூட்டத்தினருக்கு, 911ஆம் ஆண்டில் மேற்குப் பிராங்கிய மன்னன் சாள்ஸ் ரூவான் நகரை அண்டிய நிலத்தை விட்டுக்கொடுத்தான்; அதுவே நோர்மண்டி ஆயிற்று. சில தலைமுறைகளுக்குள் அவர்கள் கிறிஸ்தவராகித் தங்கள் நோர்ஸ் மொழியை விட்டுப் பிரெஞ்சு பேசுபவராயினர்.

பதிவேட்டை மட்டும் அவர் நிதானமாக விரித்துரைத்தார். 1085ஆம் ஆண்டு நத்தாரின்போது குளொஸ்டரில் சபை கூட்டிய வில்லியம், அங்கிருந்தே நாடெங்கும் ஆட்களை அனுப்பினான். போருக்கு முன் ஆண்ட எட்வேர்ட் மன்னன் காலத்தில் இந்நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, அன்றைய பெறுமதி என்ன, இன்றைய பெறுமதி என்ன என்ற கேள்விகளுக்கு, சத்தியம் செய்த ஊரவர்களே விடை சொல்ல வேண்டியிருந்தது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் அதில் பதிவாயின. இலண்டன், வின்செஸ்டர் போன்ற நகரங்கள் விடுபட்டுப் போயின.

எம்மவர் பலர் இன்று வாழும் இலண்டனின் ஹரோ அதில் இருக்கிறது. எட்வேர்ட் காலத்தில் அது லெயொஃப்வின் பிரபுவுக்கு உரியதாக இருந்தது. அவன் வில்லியத்திடம் தோற்ற ஆங்கில மன்னன் ஹரல்டின் தம்பி, தமையனோடு ஹேஸ்டிங்ஸில் மாண்டவன். 1086இல் அதே நிலம் கன்டர்பரிப் பேராயர் லான்ஃபிராங்கின் கையில் இருந்தது; அவரோ இத்தாலியின் பாவியா நகரில் பிறந்து, நோர்மண்டியில் மடத்தலைவராக இருந்தவர். குன்றின்மேல் அவர் கட்டத் தொடங்கிய புனித மரியாள் தேவாலயத்தை 1094இல் அவருக்குப் பின் பேராயரான அன்செல்ம் அர்ச்சித்தார்; அதன் கோபுரத்தின் கீழ்ப்பகுதி நோர்மன்களின் வேலைப்பாடு. ஒரு நாட்டின் பிரபுக்கள் ஏறக்குறைய முழுவதுமாக மாற்றப்பட்டதை இந்த ஒரு பதிவே காட்டிவிடுகிறது. வடக்கே யோர்க்ஷயரில் ஊர் ஊராகப் ‘பாழ்’ என்று எழுதப்பட்டிருப்பதற்கு, 1069–70 குளிர்காலத்தில் வில்லியத்தின் படை அங்கே செய்த கொடுமையே பெருங்காரணம் என்பதை ஆசிரியர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

மொழியைப் பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. பிரெஞ்சு ஆங்கிலத்தை அழித்துவிடவில்லை. நிருவாகமும் நீதியும் நடந்த இடங்களில் அதன்மேல் படிந்தது. கோர்ட், ஜட்ஜ், பிரிசன், ரென்ட், டாக்ஸ் எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. கிங், குவீன், ஏர்ள் பழைய ஆங்கிலமாகவே நின்றன. எங்கள் நாட்டு நீதிமன்றங்களில் சத்தியம் செய்து தீர்ப்புச் சொல்லும் ஊரவரைக் குறிக்க வழங்கிய யூரர் என்ற சொல்லும் இவ்வழியே ஆங்கிலேயரோடு வந்து சேர்ந்ததுதான். 1204இல் யோன் மன்னன் நோர்மண்டியை இழந்தபின் இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் கடலுக்கப்பால் இருந்த பிடிப்புத் தளர்ந்தது. 1362இல் வழக்குகளை ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது. இன்றும் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு சட்டமூலத்துக்கு அரச சம்மதம் அறிவிக்கப்படுவது நோர்மன் பிரெஞ்சிலேயே.

நோர்மன்கள் வென்று ஆண்ட இன்னொரு நாடான, பாடத்திட்டத்தில் இல்லாத சிசிலியையும் அவர் விட்டுவிடவில்லை. அதற்காக நான் இன்றும் அவருக்கு நன்றியுடையவன். அங்கே 1130இல் முடிசூடிய இரண்டாம் ரொஜரின் அரசு இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் இயங்கியது. அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி அவனுக்காகவே 1154இல் தம் பெருநூலை முடித்தார். இங்கிலாந்தில் வில்லியத்தின் ஆட்சி ஆங்கில ஆணைப் பத்திரங்களைச் சில ஆண்டுகளில் கைவிட்டு இலத்தீனுக்கு மாறியிருக்க, சிசிலியில் மட்டும் ஏன் இவ்வாறு என்று நாங்கள் கேட்டோம். அங்கே நோர்மன்கள் சிலரே. காணிக் கணக்கும் குடிகளின் பெயர்ப் பட்டியலும் அரபு, கிரேக்க எழுத்தர்களின் கையில் இருந்தன. அவர்களை விலக்கினால் வரி அறவிட முடியாது என்று அவர் விளக்கினார். ரொஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் மொன்ரியாலே மடத்துக்குப் பெருநிலங்களை வழங்கியபோது, 1182இல் எழுதிய எல்லைப் பதிவு இலத்தீனிலும் அரபிலும் சேர்த்தே எழுதப்பட்டது.