கூடத்துக் கச்சேரியைப் பதிவு செய்து பார்த்தது: இதுவரை ஐந்து முறை

எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஏதாவது வாசிக்க வரும். தம்பிக்கு கிதார், அக்காவுக்கு வயலின், அக்கா மகளுக்குப் பாட்டு. தம்பியின் சிநேகிதன் ஒருவன் கஹோன் தட்டுவான். பெருவில் பிறந்த மரப்பெட்டி அது. மேலே உட்கார்ந்துகொண்டு முன்பலகையைத் தட்ட வேண்டும். வார இறுதியில் இவர்கள் கூடத்தில் சேர்ந்தால் எனக்குக் கதவு திறப்பதும் கைதட்டுவதும்தான் வேலை. அந்தக் கூச்சத்தில்தான் ஒலிப்பதிவில் இறங்கினேன். எட்டு மாதத்தில் ஐந்து முறை உருப்படியாகப் பதிவு செய்திருக்கிறேன். 'உருப்படியாக' என்பதைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை போனை அலமாரியில் சாய்த்து வைத்தேன். கேட்டுப் பார்த்தால் கஹோனில் ஒவ்வொரு அடி விழும்போதும் பாட்டு அமுங்கி, அப்புறம் மெல்ல எழுந்து வந்தது. போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பேச்சுக்கு அது வசதி, பாட்டுக்குத் தொல்லை. அக்கா மகள் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "மாமா, இது நானா? கிணத்துக்குள்ள இருந்து யாரோ பாடுற மாதிரி இருக்கு" என்றாள்.

இரண்டாவது முறைக்குக் கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். தலையில் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் குறுக்காக. எல்லோரையும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லிப் பதிவின் ஒலி அளவை வைத்தேன். சோதனைக்கு வாசிக்கச் சொன்னால் யாரும் முழுசாக வாசிப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. உண்மையான பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் உற்சாகம் ஏறி, பதிவில் அலைகளின் உச்சியெல்லாம் கத்தியால் சீவியது போல் தட்டையாகிவிட்டன. இந்த மாதிரி டிஜிட்டல் ரெக்கார்டரில் பூஜ்ய டெசிபெல்தான் உச்ச வரம்பு, அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. அங்கே வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். இப்போதெல்லாம் மிகச் சத்தமான இடமே மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாத மாதிரி வைக்கிறேன். ஒலியை நுணுக்கமாக அளந்து எழுதும் 24 பிட்டில் பதிவு செய்தால் இப்படிக் குறைத்து வைப்பதில் நஷ்டம் இல்லை, பிறகு கூட்டிக்கொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 தடவை ஒலியை அளப்பது) ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 எம்பி, மணிக்கு ஒரு ஜிபி போல ஆகும். இந்தக் காலத்து மெமரி கார்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

மூன்றாவது முறைதான் நான் கற்றுக்கொண்டதில் பாதி நடந்தது. முதலில் ஃபிரிட்ஜ். பாட்டுக்கு நடுவே அமைதி வரும் இடங்களில் 'ம்ம்ம்' என்று ஓர் அடிச்சத்தம். நிறுத்தினால் போயிற்று, ஆனால் திரும்பப் போட மறந்துவிட்டால் வீட்டில் வேறொரு கச்சேரி நடக்கும். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்கிறவர்களின் பழைய தந்திரம் ஒன்று உண்டு: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும், சாவி இல்லாமல் கிளம்ப முடியாது அல்லவா. நானும் வைத்தேன். அவசரத்தில் கைக்கு வந்தது அத்தானுடைய சாவி. ராத்திரி அவர் அரைமணி நேரம் சோபாவுக்கு அடியிலெல்லாம் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

அடுத்தது இடம். அதுவரை மைக்கை எங்கே வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ரெக்கார்டர் இருக்கும்போது கேள்வி அதுவல்ல, ஆட்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான். தூரம் இரண்டு மடங்கானால் நேரடியாக வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். அப்படியென்றால் ஒவ்வொருவரின் தூரமும் ஒரு வால்யூம் திருகு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்களை ஒவ்வொருவராக நகர்த்தினேன். பாடுகிறவள் ஒரு மீட்டரில். கிதாரின் நடு ஓட்டை மைக்கை நேராகப் பார்த்தால் அடித்தொண்டை மாதிரி 'பூம்' என்று வரும். கழுத்தும் உடலும் சேரும் இடம் மைக்குக்கு எதிரே வரும்படி தம்பியைத் திருப்பியதும் தெளிந்தது. அக்கா கொஞ்சம் பின்னால். கஹோன்காரன் மூன்று மீட்டர் தள்ளி.

அவனை நகர்த்தியதில்தான் பெரிய சண்டை. வழக்கமாக அவன் உட்காருவது மூலையில், சுவரில் சாய்ந்துகொள்ள வசதியாக. கஹோனின் ஓட்டை பின்பக்கம் இருக்கிறது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து அடிச்சத்தத்தை ஊதிப் பெரிதாக்கும். மூலையிலிருந்து ஒரு மீட்டர் முன்னே வந்தால் போதும் என்றேன். முதுகு வலிக்கிறது என்றான். கடைசியில் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிறுத்திக் கொடுத்தேன். அவனுக்குச் சாய்மானம், எனக்கு எதிரொலி குறைப்பு. அறைக்கு நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று வால் நீண்டால் வெறும் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். ஒரு பக்கம் மெத்தை, இன்னொரு பக்கம் கனமான போர்வை தொங்கவிட்டதும் அந்த வால் பெரும்பாலும் அறுந்துபோனது. புது மைக் வாங்க வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது.

நான்காவது முறை பேராசை. பாடுகிறவள் அருகில் போனையும் வைத்து, தானியங்கி அளவை அணைக்கும் செயலியில் தனியாகப் பதிந்தேன். இரண்டையும் பொருத்த ஆரம்பத்தில் ஒரு கைதட்டு. முதல் பாட்டில் கச்சிதம். நாற்பதாவது நிமிடத்தில் ஒவ்வொரு சொல்லும் லேசாக இரட்டிக்க ஆரம்பித்தது. இரண்டு கருவிகளின் கடிகாரமும் நூலிழை வித்தியாசத்தில் ஓடுகின்றன, அதுதான் காரணம். பாட்டுக்குப் பாட்டு வெட்டி, தனித்தனியாகப் பொருத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஐந்தாவது முறை வெளியே, சிநேகிதர்கள் பதினைந்து பேரோடு ஒரு மலைப்பாதையில் நடந்து போய் மரத்தடியில் வாசித்தார்கள். காற்றுக்கு மைக்கின் மேல் ரோமத் தொப்பி போட்டிருந்தேன், அது வேலை செய்தது. பேட்டரிதான் கைவிட்டது. கடைசிப் பாட்டின் நடுவே ரெக்கார்டர் அணைந்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்பின் நீளம் பூஜ்யம் என்று காட்டியது. அன்று நாலு பேரிடம் பொய் சொன்னேன், "இன்னும் ஏற்றவில்லை" என்று.

உண்மையில் ஒலி கார்டிலேயே இருந்தது. எவ்வளவு நீளம் என்ற குறிப்பைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி முடிக்கும் முன் மின்சாரம் போய்விட்டது, அவ்வளவுதான். கார்டில் புதிதாக எதையும் பதியாமல், மீட்பு மென்பொருள் ஒன்றால் அந்தத் தரவைக் கணினிக்கு எடுத்தேன். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அதைக் கச்சாத் தரவாகத் திறந்து 24 பிட், 48,000, ஸ்டீரியோ என்று சொன்னேன். வந்தது முழுக்க இரைச்சல், மழை தகரக் கூரையில் பெய்கிற மாதிரி. 24 பிட் என்றால் ஒலியை அளக்கும் ஒவ்வொரு தடவைக்கும் (சாம்பிள்) மூன்று பைட். ஆரம்ப இடம் ஒரு பைட் தவறினாலும் எல்லாம் குழம்பிவிடும். ஒரு பைட் தள்ளித் திறந்தேன். மறுபடியும் இரைச்சல். இன்னும் ஒன்று தள்ளினேன். அக்காவின் வயலின் வந்தது. ராத்திரி ஒன்றரை மணி, யாரையும் எழுப்பவில்லை, சரி, தம்பியை மட்டும் எழுப்பினேன்.

இப்போது பையில் உதிரி பேட்டரி இரண்டு செட். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நிறுத்தி, புதிதாகத் தொடங்குகிறேன். மீதியிருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: கஹோன்காரன் அடுத்த முறை டிரம் செட் கொண்டுவருகிறானாம். அதை எத்தனை மீட்டர் தள்ளி வைப்பது என்று கணக்குப் போட்டேன். சமையலறையைத் தாண்டி மாடிப்படியில் வருகிறது.