ஒரு 'தான்'

"மொதக் கொழந்தை ஆபரேஷன். இதாவது நார்மலா ஆகுமா டாக்டர்?"

வயிற்றைத் தொடுவதற்கு முன் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்கிறோம். தோலில் தழும்பு குறுக்கே இருப்பதை வைத்துக் கருப்பையிலும் குறுக்கேதான் வெட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. கருப்பையின் மேல்பகுதியில் நெடுக வெட்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, வலி வருமுன் ஆபரேஷன். கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு ஒன்றுதான் என்றால் முயன்று பார்க்கலாம். சுமார் நான்கில் மூன்று பேருக்குக் கைகூடும். முன்பே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் இன்னும் அதிகம்.

சம்மரியில் பெரும்பாலும் "பிரசவம் முன்னேறவில்லை" என்ற ஒற்றை வரிதான் இருக்கும். கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததோடு நின்றதா, 10-ம் திறந்தும் தலை இறங்கவில்லையா? இரண்டும் ஒன்றல்ல. குழந்தை புட்டம் கீழே இருந்ததால் செய்தது என்றால் நிம்மதி, அந்தக் காரணம் இந்த முறை இல்லாமல் போகலாம்.

உறுத்துவது இதற்குப் பிறகு வருகிற பேச்சு. வலி தானாக வந்தால் கருப்பையின் பழைய தையல் விட்டுப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய 200-ல் 1. "இருநூறுல ஒருத்தருக்குத்தாம்மா" என்றால் முகம் மலர்கிறது. அந்தத் 'தான்' இல்லாமல் சொன்னால் கணவரைத் திரும்பிப் பார்க்கிறார். எண் ஒன்றுதான், முடிவு மாறிவிடுகிறது.

அந்த ஒருவருக்கு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வலியைவிட முன்னதாகப் பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் சி.டி.ஜி. காட்டிக்கொடுக்கும்: 140-ல் ஓடிய குழந்தையின் துடிப்பு 80-க்கு விழும், ஏறாது. சில சமயம் இறங்கியிருந்த தலை மேலே போய்விடும், சிறுநீர் சிவக்கும். அப்போது தியேட்டரும் மயக்க மருத்துவரும் ரத்தமும் அங்கேயே தயாராக இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் 'முயன்று பார்க்கலாம்' என்பதே தவறு. மருந்து போட்டு வலியை வரவழைத்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். வலியை வரவழைக்கும் மருந்துகளில் ஒன்றான மிசோப்ரோஸ்டால் பக்கமே போகக்கூடாது.

ஆகவே 'தான்' போடாமல் சொல்வதே நேர்மை என்று தோன்றும். ஆனால் மறு ஆபரேஷனைப் பற்றி "பயமே இல்ல, தேதி குறிச்சிடலாம்" என்கிறோமே, அதில் மட்டும் எடை சரியாக இருக்கிறதா? ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டி ஊடுருவும் ஆபத்து கூடுகிறது. இன்னும் இரண்டு பிள்ளை வேண்டும் என்கிற பெண்ணிடம் இதைச் சொல்லாமல் விடுவதும் ஒரு தள்ளுதல்தான். முயன்று பாதியில் அவசர ஆபரேஷனுக்குப் போனால் ரத்தப்போக்கும் தொற்றும் அதிகம் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, "நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்பார்.

39 வாரத்துக்குத் தேதி, அதற்குள் வலி வந்தால் முயற்சி என்று எழுதுகிறோம். கீழே 'தாயின் விருப்பம்' என்று குறித்துக் கையெழுத்து வாங்குகிறோம்.